சரிந்த சீலிங்கின் கீழ் கிரவுன் மோல்டிங்: மூலையில் ஏன் சேர மறுக்கிறது?

மேல்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் ஈஸ்ட் யோர்க் பக்கம் ஒன்றரை மாடி வீடு ஒன்றில் இருக்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கட்டிய வீடுகள் இங்கே நிறைய உண்டு, இதுவும் அதில் ஒன்று. மேலே கூரைக்குள்ளேயே அறை. இரண்டு பக்கமும் நெஞ்சளவு உயரத்தில் குட்டைச் சுவர். அதிலிருந்து சீலிங் சரிவாக ஏறி, நடுவில் கொஞ்ச அகலத்துக்குத் தட்டையாகிறது. முன்னும் பின்னும் உள்ள முகட்டுச் சுவர்கள் நேராக எழும்பி அந்தச் சரிவில் போய் முட்டுகின்றன.

மகளுக்காக இந்த அறையைத் திருத்துகிறோம். கீழே வரவேற்பறையில் உள்ள அதே கிரவுன் மோல்டிங் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடும் அலங்கார மரச்சட்டம்) மேலேயும் வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. பொப்ளர் மரத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். சுவரில் 3¼ அங்குலம் கீழே இறங்கும், சீலிங்கில் 2½ அங்குலம் வெளியே நிற்கும்.

குட்டைச் சுவரில் மோல்டிங் மட்டமாக வருகிறது. மூலை திரும்பியதும் முகட்டுச் சுவரில் சரிவாக ஏறவேண்டும். அந்த மூலையில்தான் சிக்கல். துண்டு மரத்தில் 45 டிகிரி வெட்டி வைத்துப் பார்த்தேன். கோணத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். அடி விளிம்பைச் சேர்த்தால் மேலே வாய் பிளக்கிறது, மேலே சேர்த்தால் அடியில் படி விழுகிறது. மைட்டர் வாளை எந்தக் கோணத்தில் வைத்தால் இது சேரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

தம்பி, எந்தக் கோணத்தில் வைத்தாலும் சேராது. உங்கள் கையிலோ வாளிலோ பிழை இல்லை. ஒரே மோல்டிங்கை மட்டமாக ஒன்று, சரிவாக ஒன்று என்று எடுத்து ஒரு மூலையில் நேரடியாகச் சேர்க்கவே முடியாது. இது தெரியாமல் நல்ல மரத்தை அடி அடியாக வெட்டித் தள்ளிய எத்தனையோ பேரை வேலை இடங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் காரணத்தைச் சொல்கிறேன்.

மட்டமாகப் போகும் மோல்டிங்கைச் செங்குத்தாக அறுத்தால் அதன் உயரம் 3¼ அங்குலம், நீட்சி 2½ அங்குலம். அதே மோல்டிங்கைச் சரிவில் ஏற்றி வைத்து, மறுபடி செங்குத்தாக அறுத்துப் பாருங்கள். நீட்சி அதே 2½தான், உயரம் மட்டும் கூடிவிடும். மூலையில் இரண்டும் சந்திக்கும் இடம் செங்குத்தான ஒரு தளம். ஒரு பக்கம் குட்டையான வளைவு வருகிறது, மறுபக்கம் இழுத்து நீட்டிய வளைவு வருகிறது. இரண்டும் எப்படி ஒன்றில் ஒன்று பொருந்தும்?

செய்ய மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. அதற்கு முன் சரிவு எவ்வளவு என்று எனக்குச் சொல்லுங்கள். 12 அங்குலத்துக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது? ஒரு நீர்மட்டத்தை மட்டமாகப் பிடித்து, அதன் ஒரு முனையைச் சீலிங்கில் தொட வையுங்கள். அங்கிருந்து 12 அங்குலம் தள்ளி, மட்டத்திலிருந்து சீலிங் எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்தால் போதும். நான்கு மூலையிலும் தனித்தனியாக அளக்கவேண்டும். பழைய வீட்டில் வலப்பக்கச் சரிவும் இடப்பக்கச் சரிவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது.

மேல்மாடி எழுதியது:

நன்றி அண்ணை. அளந்தேன். மூன்று மூலையில் 12க்கு 8. பின்பக்கம் குளியலறையை ஒட்டிய மூலையில் மட்டும் 8க்குக் கொஞ்சம் குறைவு, ஏழே முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணிதம் பிடிக்கும் எழுதியது:

12க்கு 8 என்றால் 33.7 டிகிரி. தச்சன் சொன்ன காரணத்துக்கு எண் வேண்டுமென்றால் இதோ: 3¼ அங்குலத்தை 33.7 டிகிரியின் கோசைனால், அதாவது 0.832ஆல் வகுத்தால் 3.9 அங்குலம் வருகிறது. ஒரு பக்கம் 3.25, மறுபக்கம் 3.9. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். கோக்கிங் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசி மூடக்கூடிய அளவல்ல.

ஏழே முக்கால் சரிவுள்ள மூலை 32.9 டிகிரி. ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனாலும் அதற்கென்று தனியாக வெட்டுங்கள்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

நான் உள் அலங்கார வேலை செய்கிறேன், மார்க்கம் நகரில். வேறு கோணத்திலிருந்து ஒரு கருத்து: இந்த அறைக்குக் கிரவுன் தேவையா? நெஞ்சளவு சுவரில் மூன்றேகால் அங்குலம் மோல்டிங் இறங்கினால், கீழே பேஸ்போர்டும் இருக்கும்போது, நடுவில் மிஞ்சும் சுவர் ஒடுங்கிப் போகும். சரிந்த சீலிங் உள்ள அறையின் அழகே அதன் கோடுகள்தான். சுத்தமான டிரைவோல் (ஜிப்சம் பலகை) மூலை, நல்ல பெயின்ட், அவ்வளவு போதும்.

ஏதாவது கட்டாயம் வேண்டுமென்றால் சரிவில் ஏறவே வேண்டாம். குட்டைச் சுவர் முடியும் உயரத்தில் மட்டமாக ஒரு கோடு பிடித்து, முகட்டுச் சுவர்களிலும் அதே உயரத்தில் சுற்றிக் கொண்டுபோய்விடுங்கள். நான்கு மூலையும் சாதாரண 90 டிகிரி மூலை. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே சுவரும் சீலிங்கும் சேர்ந்து ஒரே நிறம். சரிவு எங்கே தொடங்குகிறது என்பதே கண்ணுக்கு உறுத்தாது.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

மட்டமாகச் சுற்றிவருவது நல்ல வழி, நானும் பல வீட்டில் செய்திருக்கிறேன். அதற்குக் கிரவுன் பொருந்தாது. முகட்டுச் சுவரில் அதன் மேல் விளிம்புக்குச் சீலிங் இல்லை. வெறும் சுவரில் சாய்ந்து நிற்கும், மேலே பள்ளம் தெரியும், தூசி சேரும். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மோல்டிங் எடுத்தால்தான் அது சரிவரும்.

ஆனால் பிள்ளை கேட்டது கிரவுன். தகப்பன் செய்து கொடுக்க நிற்கிறார். செய்யக்கூடிய வேலைதான். தேவையில்லை என்று சொல்லி நாங்கள் ஒதுங்க வேண்டாம். உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதை அவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும்.

தம்பி, நான் செய்யும் முறை இது. மூலையில் ஒரு சின்ன இடைத்துண்டு வைப்பேன். ஒரே மூலையில் இரண்டு காரியத்தையும் செய்யப் பார்ப்பதால்தான் சிக்கல் வருகிறது: 90 டிகிரி திரும்புவது ஒன்று, மேலே ஏறத் தொடங்குவது ஒன்று. இரண்டையும் பிரித்துவிடுங்கள். குட்டைச் சுவரின் மோல்டிங் மூலைக்கு வந்து, சாதாரண மைட்டரில் (இரண்டு முனையையும் பாதிக் கோணத்தில் வெட்டிச் சேர்ப்பது) திரும்பி, முகட்டுச் சுவரில் ஒரு சின்னத் துண்டாக மட்டமாகவே கொஞ்சம் போகும். அந்தத் துண்டின் மறுமுனையில்தான் சரிவுத் துண்டு தொடங்கும். அது ஒரே சுவரில் நடக்கும் வளைவு. அங்கே இரண்டு பக்கமும் சரிவின் பாதி கோணத்தில் வெட்டினால் ஒரே மோல்டிங் மயிரிழை பிசகாமல் சேரும்.

அந்தத் துண்டு மேலே கூராக முடியும், கீழே மட்டும் நீளம் இருக்கும். கிட்டத்தட்ட முக்கோணம். பெயின்ட் அடித்த பிறகு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. மூலையில் திரும்பி இயல்பாக ஏறுவதுபோலவே இருக்கும்.

மேல்மாடி எழுதியது:

இது புரிகிறது. ஆனால் மட்டமான துண்டு முகட்டுச் சுவரில் போகும்போது, அங்கே சீலிங் ஏற்கனவே ஏறத் தொடங்கிவிட்டதே? துண்டுக்கு மேலே முக்கோணமாக ஓட்டை தெரியாதா?

கணிதம் பிடிக்கும் எழுதியது:

நல்ல கேள்வி. துண்டு மேலே கூராக முடிய வேண்டியது இதற்காகத்தான்.

குட்டைச் சுவரின் மோல்டிங்குடைய மேல் விளிம்பு சுவரிலிருந்து 2½ அங்குலம் தள்ளிச் சீலிங்கைத் தொடுகிறது. அந்த இடத்தில் சீலிங், சுவரோடு சேரும் இடத்தைவிட 2½ பெருக்கல் 0.667, அதாவது 1.67 அங்குலம் மேலே இருக்கும். முகட்டுச் சுவரின் சரிவு மோல்டிங்கும் மூலையிலிருந்து அதே 2½ அங்குலத் தூரத்தில் அதே உயரத்தில்தான் சீலிங்கைத் தொடுகிறது. ஆக இரண்டு மோல்டிங்கின் மேல் விளிம்பும் சீலிங்கில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இடைத்துண்டின் மேல் விளிம்புக்கு அங்கே நீளமே இல்லை, வெறும் கூர்முனை. நீளம் இல்லாத இடத்தில் ஓட்டைக்கும் இடமில்லை. துண்டைத் தேவைக்கு மேல் நீளமாக வைத்தால்தான் நீங்கள் சொல்லும் ஓட்டை வரும்.

துண்டின் அடி நீளம்: நீட்சி + (உயரம் × பாதிச் சரிவின் டான்ஜன்ட்). 33.7இல் பாதி 16.85. அதன் டான்ஜன்ட் 0.303. எனவே 2.5 + (3.25 × 0.303) = 3.48. மூன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி எழுதியது:

சேர், இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. காகிதத்தில் வரைந்து பார்த்தேன், அப்படியே வருகிறது. மிக்க நன்றி.

குன்னூர் மலர் எழுதியது:

நான் நீலகிரியில் பழைய பங்களாக்களைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். இங்கேயும் சாய்ந்த கூரைதான், உள்ளே பலகை சீலிங். எங்கள் ஆசாரிகள் இந்த மூலைக்குப் பெரிய மோல்டிங் வைப்பதே இல்லை. முக்கால் அங்குலக் கால்வட்ட பீடிங் ஒன்றை ஓட்டிவிடுவார்கள். சின்ன உருவம் என்பதால் மூலையில் வரும் வித்தியாசமும் சின்னது. 12க்கு 8 சரிவில் அது ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் கணக்கு அல்ல, நான்கு மில்லிமீட்டர் வரை வரும்; ஆனாலும் ரம்பத்தால் வெட்டிய பிறகு உளியும் உப்புத்தாளும் கொண்டு ஒன்றுக்குள் ஒன்று இழைத்துவிடுவார்கள். பாலிஷ் போட்ட தேக்கில்கூட அந்த மூலையை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கனடாவில் பெரிய கிரவுன்தான் வழக்கம் போலிருக்கிறது. ஆனால் நெஞ்சளவு சுவருக்கு இந்தச் சின்ன பீடிங் பார்க்க நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். வெள்ளைச்சுவர் சொன்ன ஒடுக்கமும் வராது.

வெள்ளைச்சுவர் எழுதியது:

மலர் அக்கா சொல்வதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். சின்னதாகப் போனால் பாதிப் பிரச்சினை தானாகக் குறைகிறது.

இன்னொரு வழியும் உண்டு: தட்டைப் பலகை. வளைவு நெளிவு இல்லாத 4 அங்குலப் பலகையைச் சீலிங்கை ஒட்டிச் சுவரில் ஓட்டுவது. மூலையில் மைட்டரே வேண்டாம், ஒன்றின் முகத்தில் மற்றது முட்டி நிற்கும்.

கணிதம் பிடிக்கும் எழுதியது:

தட்டைப் பலகையிலும் அதே விதி உண்டு, கவனம். சரிவில் போகும் 4 அங்குலப் பலகையின் செங்குத்து உயரம் 4 ÷ 0.832 = 4.81 அங்குலம். குட்டைச் சுவரிலும் 4 அங்குலமே வைத்தால் மூலையில் அடி விளிம்புகள் முக்கால் அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கி நிற்கும். குட்டைச் சுவரின் பலகையை முன்முகத்தில் 4.81 வரும்படி அகலமாக அறுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே கோட்டில் வரும். அதன் மேல் விளிம்பையும் சீலிங்கின் சரிவுக்குச் சாய்த்து அறுக்கவேண்டும். முக்கால் அங்குலக் கனமுள்ள பலகையை நேர் விளிம்போடு வைத்தால், பின் விளிம்பு சீலிங்கில் இடித்து, முன்னால் அரை அங்குல இடைவெளி தெரியும்.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

சேர் சொன்ன அந்தக் கடைசி விஷயம் கிரவுனுக்கும் பொருந்தும். கடையில் விற்கும் கிரவுன் 90 டிகிரி மூலைக்கென்று செய்தது. முகட்டுச் சுவரில் சுவருக்கும் சீலிங்குக்கும் இடையே 90தான், அங்கே அது அப்படியே உட்காரும். குட்டைச் சுவரில் அந்தக் கோணம் 90 + 33.7, அதாவது 123.7. மோல்டிங்கின் மேலே சீலிங்கைத் தொடும் தட்டை விளிம்பு அங்கே பொருந்தாது, முன்பக்கம் இடைவெளி விடும்.

சிலர் மோல்டிங்கைச் சாய்த்துப் படுக்க வைத்து அந்த இடைவெளியை மூடப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். சாய்மானம் மாறினால் மூலையில் இடைத்துண்டோடு சேராது. சாய்மானத்தை அப்படியே வைத்து, மேல் விளிம்பை மட்டும் மேசை வாளில் சரிவின் கோணத்துக்குச் சீவி எடுங்கள். முன் விளிம்பு குறையக்கூடாது, பின்பக்கம்தான் இறங்கவேண்டும். இதைக் குட்டைச் சுவருக்குப் போகும் நீளத் துண்டுகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

வெட்டும் முறை. சாதாரண மூலைக்குக் கிரவுனைத் தலைகீழாக, சுவர்ப் பக்கம் வாளின் வேலியிலும் (மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பு) சீலிங் பக்கம் மேசையிலும் படும்படி வைத்து 45 வெட்டுவோம். அது இடைத்துண்டின் மூலைப் பக்கத்துக்குச் சரி. மறுபக்கத்துக்கு, ஏறும் வளைவு சுவரின் தளத்தில் நடப்பதால், மோல்டிங்கைத் திருப்பி வைக்கவேண்டும்: சுவர்ப் பக்கம் மேசையில் படுக்கும், சீலிங் பக்கம் வேலியில் சாயும். அப்படி வைத்து வாளை 16.85க்குத் திருப்புங்கள். வாள் பெரிதாக இருந்து மோல்டிங் பழைய நிலையிலேயே நிற்கவேண்டுமென்றால், திருப்பாமல் அலகை 16.85க்குச் சாய்த்தாலும் அதே வெட்டு கிடைக்கும்.

மேலே சரிவு முடிந்து தட்டைச் சீலிங் தொடங்கும் இடத்திலும் வெட்டு இதேதான். அங்கேயும் வளைவு 33.7, பாதி 16.85. வாளை ஒரு தடவை அந்த எண்ணில் வைத்துவிட்டு, எல்லா வளைவையும் ஒரே மூச்சில் வெட்டி முடிக்கலாம். தட்டைப் பகுதியே இல்லாமல் இரண்டு சரிவும் உச்சியில் சந்திக்கும் அறையாக இருந்திருந்தால், அங்கே பாதி இல்லை, முழு 33.7 வெட்டவேண்டும்.

முக்கியமான ஒன்று. மூன்றரை அங்குலத் துண்டைக் கையில் பிடித்து மைட்டர் வாளில் வெட்டவே கூடாது. நீண்ட மோல்டிங்கின் முனையில் முதல் வெட்டைப் போட்டு, நீளத்தைப் பிடித்தபடியே இரண்டாவது வெட்டால் துண்டைக் கழற்றுங்கள். வாள் முழுதும் நின்ற பிறகு துண்டை எடுங்கள். சுழலும் அலகு சின்னத் துண்டைத் தூக்கி எறியும். விரலும் கண்ணும் போன பிறகு மோல்டிங் எதற்கு?

மேல்மாடி எழுதியது:

அண்ணை, இடைத்துண்டை எப்படிப் பொருத்துவது? அவ்வளவு சின்னதில் ஆணி அடித்தால் பிளக்காதா?

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

பிளக்கும். ஆணி வேண்டாம். இடைத்துண்டைச் சுவரில் வைத்தே ஒட்டப் பார்க்காதீர்கள். சரிவுத் துண்டின் கீழ் முனையோடு மேசையில் வைத்தே ஒட்டிவிடுங்கள், உடனே இறுகும் பசையும் அதற்கான தெளிப்பானும் போதும். காய்ந்த பிறகு சரிவுத் துண்டும் இடைத்துண்டும் ஒரே மரமாகச் சுவருக்குப் போகும். மூட்டு தரையில் நல்ல வெளிச்சத்தில் சேர்வதால் அது எப்போதும் சுத்தமாக வரும். பிறகு மூலையில் குட்டைச் சுவரின் துண்டோடு சேர்வது வழக்கமான ஒரு மூலை மட்டும்தான்.

அந்த மூலையைச் சிலர் மைட்டராக விடுவார்கள், சிலர் கோப்பிங் செய்வார்கள், அதாவது ஒரு துண்டின் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்ப அறுத்துப் பொருத்துவார்கள். நீளத் துண்டாக இருந்தால் நான் எப்போதும் கோப்பிங்தான். இந்த இடத்தில் இடைத்துண்டு கூராக முடிவதால் அதைக் கோப்பிங் செய்ய மரம் மிஞ்சாது. ஆகவே இடைத்துண்டை மைட்டராக விடுங்கள், குட்டைச் சுவர்த் துண்டும் மைட்டர்தான். இரண்டு முகத்துக்கும் பசை போட்டுச் சேருங்கள்.

கனடாக் குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். மரத்தை வாங்கிய கையோடு வெட்டாதீர்கள். அந்த அறையிலேயே சில நாள் கிடக்கட்டும். மாரியில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் காற்று வறண்டு மரம் குறுக்கே சுருங்கும். பசை இல்லாத மைட்டர் அப்போதுதான் வாய் திறக்கும். கோடையில் ஈரத்தோடு பொருத்திய மோல்டிங் தை மாதத்தில் என்ன கோலத்தில் இருக்கும் என்று இங்கே வேலை செய்யும் எவரும் சொல்வார்கள்.

பிரம்டன் வாசி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது புது வீடு, வரவேற்பறையில் உயர்ந்த சரிவுச் சீலிங். மாரியில் உள் சுவருக்கும் மோல்டிங்குக்கும் இடையே நீளமாக ஒரு வெடிப்பு வருகிறது, கோடையில் தானாக மூடிக்கொள்கிறது. கோக்கிங் பூசியும் திரும்ப வருகிறது. இதுவும் மரம் சுருங்குவதாலா?

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

உங்களுடையது பெரும்பாலும் டிரஸ் கூரையாக இருக்கும், அதாவது மேல்சட்டமும் அடிச்சட்டமும் சேர்த்து முக்கோணமாகக் கட்டிய சட்டங்கள். டிரஸ்ஸின் அடிச்சட்டம் இன்சுலேஷனுக்குள் சூடாகக் கிடக்கிறது, மேல்சட்டங்கள் வெளிக் குளிரில் இருக்கின்றன. மாரியில் அடிச்சட்டம் காய்ந்து சுருங்க, மேல்சட்டம் ஈரத்தை வாங்கிக்கொள்ள, டிரஸ் நடுவில் மேலே வளையும். சீலிங்கும் அதோடு எழும்பும். எத்தனை கோக்கிங் பூசினாலும் அந்த அசைவு நிற்காது.

அப்படிப்பட்ட வீட்டில் உள் சுவர் வழியே போகும் மோல்டிங்கைச் சீலிங்கில் மட்டும் ஆணியடித்துப் பிடிக்கவேண்டும், சுவரில் அடிக்கக்கூடாது. சீலிங் எழும்பினால் மோல்டிங்கும் கூடவே எழும்பிச் சுவரில் வழுக்கும், இடைவெளி கண்ணில் படாது. மோல்டிங்கின் அடி விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை வரை சுவரில் சீலிங் பெயின்ட் அல்ல, சுவர்ப் பெயின்ட்தான் இருக்கவேண்டும். மோல்டிங்குக்குப் பின்னாலும் அதே நிறத்தைக் கொண்டுபோய்விடுங்கள். அது எழும்பும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

மேல்மாடி தம்பியின் வீட்டில் அந்தக் காலத்து ராஃப்டர் கூரைதான் இருக்கும், தனித்தனிச் சாய்வுச் சட்டங்கள். இந்தப் பிரச்சினை அவருக்கு வராது.

மேல்மாடி எழுதியது:

ஆமாம், ராஃப்டர்தான். இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கச் சரிவில் புகைபோக்கியை மூடி டிரைவோலில் பெட்டிபோலக் கட்டியிருக்கிறோம். அது சரிவின் நடுவில் சீலிங்கோடு முட்டுகிறது. அதைச் சுற்றியும் மோல்டிங் போகவேண்டும். அங்கே மூலைகள் எல்லாம் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூலைகள். இதே இடைத்துண்டு சரிவருமா?

கணிதம் பிடிக்கும் எழுதியது:

சரிவராது, இங்கே துண்டு தலைகீழாகிவிடும். உள் மூலையில் கூர்முனை மேலே இருந்தது, வெளி மூலையில் கூர்முனை கீழே வரும். மேல் விளிம்புதான் நீளமாக இருக்கும்.

பெட்டியின் கீழ்முகம், அதாவது குட்டைச் சுவரைப் பார்க்கும் பக்கம்: அங்கே சீலிங் இறங்கி வருவதால், மட்டமாகப் போகும் அந்த மேல் விளிம்பு சீலிங்கில் இடிக்கும்.

பெட்டியின் மேல்முகம், அறையின் நடுவைப் பார்க்கும் பக்கம்: அங்கே சீலிங் ஏறிப் போவதால், அதே விளிம்புக்கு மேலே ஓட்டை தெரியும்.

ஆக பெட்டியின் எந்த மூலைக்கும் இந்த இடைத்துண்டு உதவாது.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

சேர் சொன்னது சரி. அதோடு மேல் விளிம்பைச் சீவுவதும் இங்கே முகத்துக்கு முகம் மாறும். பெட்டியின் மேல்முகத்தில் சீலிங் உங்களை நோக்கி ஏறுகிறது, குட்டைச் சுவரில் சீவியது போலவே சீவலாம். கீழ்முகத்தில் சீலிங் இறங்கி வருகிறது, சுவருக்கும் சீலிங்குக்கும் இடையே 56.3 டிகிரிதான். அங்கே முன் விளிம்பு சீலிங்கில் இடித்துப் பின்பக்கம் காற்று நிற்கும். பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் சீவாமலே விடலாம், ஆனால் ஆணி பிடிக்கச் சாய்வான ஒரு கட்டையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கீழ்முகத்தில் எனக்கு விருப்பம் குறைவு. கூர்மையான இடுக்கில் கிரவுன் நெருக்கிக்கொண்டு நிற்கும், நிழல் விழுந்து கறுப்பாகத் தெரியும். வெள்ளைச்சுவர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்: அந்தப் பெட்டியில் மட்டும் ஒன்றும் வைக்காமல் விடுவதுதான் அழகு. சீலிங் மோல்டிங் எல்லாச் சுவரிலும் சுற்றவேண்டும் என்று சட்டம் இல்லை. புகைபோக்கிப் பெட்டி தனி உருவமாக நிற்கட்டும்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

சந்தோஷம்தான். பெட்டி வெறுமையாக இருப்பது அறைக்கு மூச்சு விடும். இன்னொன்று: பெட்டியும் சீலிங்கும் ஒரே நிறமாக இருக்கட்டும், அப்போது மோல்டிங் அங்கே நின்றுபோனது கேள்வியாகவே தோன்றாது.

குன்னூர் மலர் எழுதியது:

தொடக்கத்தில் தச்சன் அண்ணா சொன்ன மூன்று நான்கு வழிகளில் ஒன்றை யாரும் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். சரிவுக்கென்று தனி உருவத்தில் மோல்டிங் செய்துகொள்வது. எங்கள் பக்கம் ஒரு பழைய வீட்டு வாசல் முகப்பில் முக்கோண அமைப்பு. மட்டமாகப் போகும் மோல்டிங்கும் சரிவில் ஏறுவதும் ஒரே மூலையில் இடைத்துண்டு எதுவும் இல்லாமல் சேர்ந்திருக்கின்றன. அருகில் போய் அளந்தால் இரண்டும் வேறு வேறு உருவம். சரிவில் உள்ளதன் வளைவு கொஞ்சம் மாற்றி இழைக்கப்பட்டிருக்கிறது. கையால் இழைத்தவர் யாரோ, கணக்குத் தெரிந்தவர்.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

அதுதான் தச்சு வேலையின் உச்சம் அக்கா. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தச்சு நூல்களிலேயே அதை வரையும் முறை இருக்கிறது: மட்டமான மோல்டிங்கின் வளைவில் பல புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சரிவுக்கு இணையாகக் கோடு இழுத்து, நீட்சியை மாற்றாமல் புது வளைவைப் புள்ளி புள்ளியாகப் பிடிப்பார்கள். பிறகு அந்த வளைவுக்கு இழைப்புளியின் அலகையே தீட்டிக்கொள்வார்கள். பழைய கிரேக்கக் கோயில்களில் இந்த மூலையை வேறு விதமாகத் தாண்டியிருக்கிறார்கள்: முக்கோண முகப்பில் மேலே வரும் வளைவான கடைசி மோல்டிங் சரிவில் மட்டும் இருக்கும், முக்கோணத்தின் அடியில் மட்டமாகப் போகும் வரியில் இருக்காது. சேராத இரண்டைச் சேர்க்கும் தேவையே அங்கே வராது.

இன்றைக்கும் மோல்டிங் அறுக்கும் ஆலையில் வளைவைக் கொடுத்தால் அலகு செய்து அறுத்துத் தருவார்கள். ஒரு படுக்கையறைக்கு அந்தச் செலவு அதிகம். மரத்தின் நிறம் தெரிய வார்னிஷ் போடும் பெரிய கூடமாக இருந்தால் நான் அதையே சொல்வேன். பெயின்ட் அடிக்கும் அறைக்கு இடைத்துண்டு தாராளமாகப் போதும்.

மேல்மாடி எழுதியது:

எல்லோருடைய பதிலையும் மகளோடு இருந்து வாசித்தேன். முடிவு இதுதான்: கிரவுன் வருகிறது, ஆனால் வாங்கி வைத்தது கீழ்மாடிக்குப் போகிறது. மேலே அதே உருவத்தில் சின்ன அளவு, 2 அங்குலம் இறங்கி 1½ அங்குலம் வெளியே நிற்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. குட்டைச் சுவருக்கு அது அளவாக இருக்கிறது. நான்கு மூலையிலும் இடைத்துண்டு. புகைபோக்கிப் பெட்டி வெறுமையாக இருக்கும்.

சேர் சொன்ன சூத்திரத்தில் புது அளவைப் போட்டால் 1.5 + (2 × 0.303) = 2.1 அங்குலம் வருகிறது. சரிதானே? முதல் மூலையைத் துண்டு மரத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். கூர்முனை சீலிங்கில் சரியாகப் போய் நின்றது. விரலால் தடவினால் மூட்டு தட்டுப்படவில்லை.

கணிதம் பிடிக்கும் எழுதியது:

2.106. சரி. ஏழே முக்கால் மூலைக்கு 16.4இல் வெட்டுங்கள், நீளம் 2.09, அது பென்சில் கோட்டின் தடிப்புக்குள் அடங்கும், நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கோணத்தை மட்டும் பாருங்கள்.

ஸ்காபரோ தச்சன் எழுதியது:

நல்ல முடிவு தம்பி. சின்ன அளவில் இடைத்துண்டு இரண்டு அங்குலம்தான், அதனால் வாள் விஷயத்தில் நான் சொன்னது இன்னும் முக்கியம். வேலியில் ஒரு துண்டுப் பலகையைப் பொருத்தி, அலகு வெட்டிய பிறகும் துண்டுக்குப் பின்னால் தாங்கல் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். துண்டு இடுக்கில் விழாது.

இன்னொன்று. வீடு 1960க்கு முன் கட்டியது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். பழைய சுவரையோ ஜன்னல் சட்டத்தையோ காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். குட்டைச் சுவருக்குப் பின்னால் திறக்க நேர்ந்து, உள்ளே சரளைக்கல் போல மினுங்கும் வெர்மிகுலைட் இன்சுலேஷன் கண்டால் தொடாமல் மூடிவிட்டுப் பரிசோதிக்கக் கொடுங்கள், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பிள்ளை படுக்கப்போகும் அறை.

மேல்மாடி எழுதியது:

குட்டைச் சுவரைத் திறக்கவில்லை அண்ணை. பெயின்ட்டைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடுவேன். சனிக்கிழமை மரம் வருகிறது, அறையிலேயே அடுக்கி வைக்கிறேன். நான்கு மூலையும் முடிந்ததும் படம் போடுகிறேன்.